ஆள் மாறாட்டமும் அசல் ஆளும்: ஏழாம் ஹென்றியின் எதிரிகளைப் பற்றி இரண்டு பழைய புத்தகங்கள்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குறிப்பு இது. இரண்டு பழைய புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தேன். ஒன்று, பிரான்சிஸ் பேக்கன் 1622-இல் வெளியிட்ட ஏழாம் ஹென்றியின் ஆட்சி வரலாறு. இன்னொன்று, ஜான் ஃபோர்டு எழுதி 1634-இல் அச்சான 'பெர்க்கின் வார்பெக்' நாடகம். ஃபோர்டு தன் நாடகத்துக்கான சரக்கில் பெரும்பகுதியை பேக்கனிடமிருந்தும், தாமஸ் கெய்ன்ஸ்ஃபோர்டு என்பவர் 1618-இல் எழுதிய ஒரு சிறு நூலிலிருந்தும் எடுத்திருக்கிறார். ஆகவே கதை ஒன்றுதான். ஆனால் படித்து முடித்ததும் இரண்டும் இரண்டு வேறு உலகமாகத் தெரிந்தன.

வாசிக்க ஆரம்பித்தபோது எனக்கு இருந்தது எல்லாருக்கும் வரும் அதே கேள்விதான்: அந்தப் பையன் நிஜமாகவே இளவரசனா, இல்லை ஆள் மாறாட்டமா? நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'அசல்', மறுபக்கம் 'போலி' என்று தலைப்பு வைத்துக் குறிப்பெடுத்தேன். இந்தக் கேள்விக்கு இன்றும் நல்ல கிராக்கி இருக்கிறது. மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2012-இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் தேடி எடுக்கக் காரணமாக இருந்த ஃபிலிப்பா லாங்லி, 2023-இல் ஒரு புத்தகமும் தொலைக்காட்சிப் படமும் கொண்டுவந்தார். டவர் கோட்டையில் காணாமல் போன இரண்டு இளவரசர்களும் பிழைத்திருந்தார்கள், ஹென்றியை எதிர்த்து வந்தவர்கள் அவர்களேதான் என்பது அவர் வாதம். வரலாற்றாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் ஊரெல்லாம் பேச்சு.

நோட்டுப் பக்கங்கள் தீரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் போட்ட கோடே தப்பு. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அரசன் தனக்கே வைத்துக்கொண்ட கண்ணி

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1483-இல் நான்காம் எட்வர்ட் இறக்கிறார். மூத்த மகனுக்கு 12 வயது. இளையவன் ரிச்சர்டு, யார்க் கோமகன், 9 வயது. சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டு அரியணை ஏறுகிறார். பிள்ளைகள் இருவரும் டவர் கோட்டைக்குள் போனார்கள், அப்புறம் வெளியே யாரும் பார்க்கவில்லை. 1485 ஆகஸ்ட் 22-இல் பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டைக் கொன்று ஹென்றி டியூடர் அரசனாகிறான்.

ஹென்றிக்கு ரத்த உரிமை மெலிது. தாய்வழியில் லங்காஸ்டர் குலத்தின் ஒரு கிளை, அதுவும் முறைப்படி திருமணம் ஆவதற்கு முன் பிறந்து பின்னால் சட்டப்படி ஏற்கப்பட்ட கிளை. அதனால் அவன் காரியத்தைச் சட்டத்தை வளைத்துச் சாதித்தான். தன் ஆட்சி போருக்கு முந்தைய நாளான ஆகஸ்ட் 21-இலேயே தொடங்கிவிட்டதாக அறிவித்தான். அப்படியானால் 22-ஆம் தேதி முடிசூடிய மன்னன் ரிச்சர்டுக்காக வாளெடுத்தவர்கள் அத்தனை பேரும் ராஜத் துரோகிகள்! நிலத்தைப் பறிமுதல் செய்ய அது போதும்.

அடுத்து, யார்க் குலத்தவரைச் சமாதானப்படுத்த நான்காம் எட்வர்டின் மகள் எலிசபெத்தை மணந்தான். இங்கேதான் சிக்கல். 1484-இல் ரிச்சர்டின் நாடாளுமன்றம் 'டிட்டுலஸ் ரீஜியஸ்' என்ற சட்டத்தின் மூலம் எட்வர்டின் பிள்ளைகள் எல்லாரும் முறைப்படி பிறக்காதவர்கள் என்று தீர்த்திருந்தது. மனைவியைக் கௌரவப்படுத்த அந்தச் சட்டத்தை ரத்து செய்தாக வேண்டும். ஹென்றி அதை அவையில் வாசிக்கக்கூட விடாமல் ரத்து செய்து, பிரதிகளையும் அழிக்கச் சொன்னான். மனைவி முறையான வாரிசு ஆனாள். ஆனால் அதே கையோடு அவள் தம்பிகளும் முறையான வாரிசுகள் ஆகிவிட்டார்களே! உயிரோடு இருந்தால் அரியணை அவர்களுக்குத்தான். அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று காட்ட ஹென்றியிடம் உடலும் இல்லை, சாட்சியும் இல்லை.

இப்படி ஒரு காலி இடத்தைச் சட்டமே உண்டாக்கிக் கொடுத்தால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்? வந்தார்கள்.

ஒரு பையன், மூன்று அப்பாக்கள்

முதலில் வந்தவன் லாம்பெர்ட் சிம்னல். இவன் தன்னை அந்த இரண்டு இளவரசர்களில் ஒருவனாகச் சொல்லவில்லை. அவர்களின் சித்தப்பா மகன், வாரிக் பிரபு எட்வர்ட் என்று சொல்லிக்கொண்டான், அல்லது அப்படிச் சொல்ல வைத்தார்கள். 1487 மே 24-இல் டப்ளின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் அவனுக்கு முடிசூட்டு விழாவே நடந்தது. மாதா சிலையின் தலையிலிருந்த கிரீடத்தை எடுத்து வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இந்தப் பையன் யார்? 1487 பிப்ரவரியில் லண்டனில் திருச்சபை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட ஒரு பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்கன் வாத்தியம் செய்பவரின் மகனைத் தான் அயர்லாந்துக்குக் கொண்டுபோனதாக ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் அவன் ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த ஒரு தச்சரின் மகன், வயது பத்து. பேக்கன் கைக்கு வரும்போது ரொட்டிக்கடைக்காரர் மகன், வயது பதினைந்து சொச்சம். பாதிரியாரின் பெயர்கூட மன்றப் பதிவில் வில்லியம், பிந்தைய வரலாறுகளில் ரிச்சர்டு. வெற்றி பெற்ற தரப்பே சொல்லும் கதை, அதிலேயே இத்தனை ஓட்டை.

'பார்த்தாயா, எல்லாம் பொய், அவன் நிஜ இளவரசன்தான்' என்று இங்கிருந்து தாவுகிறவர்கள் உண்டு. நான் அங்கே போகவில்லை. ஆர்கன் செய்பவரும் ஒருவகையில் தச்சர்தான், பழைய பதிவுகளில் இப்படிக் குழப்பம் வருவது சகஜம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தப் பையனைப் பற்றி எழுதிய யாருக்கும் அந்தப் பையன் முக்கியமில்லை. அவனை வைத்து யார் விளையாடினார்கள் என்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

பேக்கனும் அப்படித்தான். ஆனால் அவர் கூர்மையான ஆள். வாரிக்கை ஒருநாளும் பார்த்திராத ஒரு பாதிரியார், வாரிக்காக நடிக்க இன்னொருவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும் என்று கேட்கிறார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்கிறவர் அல்ல அவர். அரண்மனைக்குள்ளிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஊகித்து, விதவை ராணி எலிசபெத் உட்வில் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார். வழக்கறிஞர் மூளை. குறுக்கு விசாரணை போலவே எழுதுகிறார். அவர் புத்தகத்தின் சுவாரசியமும் குறையும் இந்த ஒன்றுதான்.

சிம்னலுக்காக பர்கண்டியின் விதவைக் கோமகள் மார்கரெட் சுமார் 2,000 கூலிப்படையினரை மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் தலைமையில் அனுப்பினார். இவர் நான்காம் எட்வர்டுக்கும் மூன்றாம் ரிச்சர்டுக்கும் கூடப் பிறந்த சகோதரி. லிங்கன் பிரபு ஜான் டி லா போலும் சேர்ந்துகொண்டார். 1487 ஜூன் 16-இல் ஸ்டோக் களத்தில் எல்லாம் முடிந்தது. லிங்கனும் ஷ்வார்ட்ஸும் செத்தார்கள். பையனை ஹென்றி கொல்லவில்லை. அரண்மனைச் சமையல்கட்டில் இறைச்சிக் கம்பி சுற்றும் வேலை கொடுத்தான். பின்னால் வல்லூறு பழக்குபவனாக உயர்ந்தான் என்று பாலிடோர் வெர்ஜில் எழுதுகிறார்.

இதைக் கருணை என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது விளம்பரமாகத்தான் படுகிறது. டப்ளினில் முடிசூடியவன் லண்டனில் கறி சுடுகிறான் என்று ஊர் சிரிப்பதைவிட அரசனுக்கு வேறென்ன பாதுகாப்பு வேண்டும்?

பட்டுத் துணி போட்ட வேலைக்காரப் பையன்

நான்கு வருஷம் கழித்து அடுத்தவன். 1491-இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் ஒரு பிரெத்தாஞ் வணிகரின் கப்பலிலிருந்து ஓர் இளைஞன் இறங்குகிறான். முதலாளியின் சரக்கான பட்டு உடைகளை உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கிறான். அவன் பிற்பாடு கொடுத்த வாக்குமூலத்தின்படி, ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்து முதலில் 'நீ வாரிக்தான்' என்கிறார்கள். இல்லை என்று மேயர் முன்னால் சத்தியம் செய்கிறான். அடுத்து 'அப்படியானால் நீ மூன்றாம் ரிச்சர்டின் வைப்பாட்டி மகன்' என்கிறார்கள். அதையும் மறுக்கிறான். கடைசியில் 'நீ யார்க் கோமகன் ரிச்சர்டு' என்று முடிவு செய்து, அவன் விருப்பத்துக்கு மாறாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்து, எப்படி நடக்க வேண்டும், என்ன பேச வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள்.

வாக்குமூலம் ஹென்றியின் ஆட்கள் கையில் உருவானது, அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் இந்தக் காட்சியை நான் நாலைந்து தடவை படித்தேன். நாற்காலி முதலில் தயாராகிவிட்டது, உட்கார ஆள்தான் தேடுகிறார்கள். மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள், சட்டை அளவு பார்ப்பது போல.

அதன்பின் ஆறு வருஷம் அந்த இளைஞன் ஐரோப்பாவின் செல்லாக் காசாகவும் செல்லும் காசாகவும் கைமாறினான். பிரான்சின் எட்டாம் சார்லஸ் வரவேற்றான், 1492 எதாப்ல் உடன்படிக்கை ஆனதும் வெளியே அனுப்பினான். பர்கண்டி மார்கரெட் தன் அண்ணன் மகன் என்று கட்டிக்கொண்டார். ஹென்றி 1493-இல் நெதர்லாந்துடன் துணி வணிகத்தையே நிறுத்தினான். ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் தன் உறவுக்காரப் பெண் கேத்தரின் கார்டனை அவனுக்குக் கட்டிவைத்து, 1496 செப்டம்பரில் எல்லை தாண்டிப் படையெடுத்தான்.

லண்டனிலும் தலை உருண்டது. பாஸ்வொர்த்தில் கடைசி நேரத்தில் குதிரைப்படையோடு பாய்ந்து ஹென்றியின் உயிரைக் காப்பாற்றிய சர் வில்லியம் ஸ்டான்லி, 1495 பிப்ரவரியில் வெட்டப்பட்டார். அவர் மீது சொல்லப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? அந்த இளைஞன் எட்வர்டின் மகன்தான் என்று தனக்கு உறுதியானால் அவனுக்கு எதிராக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று பேசினாராம். 'ஆனால்' என்ற ஒரு விகுதிக்குத் தலை போயிற்று. ராஜத் துரோகத்தில் 'ஒருவேளை'களுக்கு இடம் கொடுத்தால் அப்புறம் யார் வேண்டுமானாலும் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள் என்ற சட்ட வாதத்தை பேக்கன் நிதானமாக விளக்குகிறார். படிக்கும்போது முதுகு சில்லிட்டது.

இதற்கெல்லாம் கடைசியில் காசு கொடுத்தது யார்? ஸ்காட்லாந்துப் போருக்காக 1497-இல் வரி விழுந்தது. எல்லைக்கு எட்டாத தூரத்தில், தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் மக்கள், 'அங்கே சண்டைக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்' என்று எழுந்தார்கள். மைக்கேல் ஜோசப் என்ற கொல்லரும் தாமஸ் ஃப்ளமாங்க் என்ற வழக்கறிஞரும் முன்னே நடக்க, நாட்டைக் குறுக்காகக் கடந்து லண்டன் வாசல் வரை வந்தார்கள். ஜூன் 17-இல் பிளாக்ஹீத்தில் நசுக்கப்பட்டார்கள். அந்த வரிக்கு மூல காரணமான இளைஞன், செப்டம்பரில் அதே கார்ன்வாலில் வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கில் அவன் பின்னால் போனார்கள். அவன் இளவரசனா என்று அவர்கள் விசாரித்திருப்பார்களா? வரி வாங்காத ராஜா என்றால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எக்ஸீட்டரில் முட்டிப் பார்த்து முடியாமல், டான்டனில் படையை விட்டுவிட்டு ஓடி, சரணடைந்து, அக்டோபரில் வாக்குமூலம் கொடுத்தான்: தான் தூர்னே நகரத்துக்காரன், தகப்பன் அங்கே ஓர் அலுவலர். நாம் அவனைக் கூப்பிடும் பெர்க்கின் வார்பெக் என்ற பெயரும் அப்படி நிலைத்ததுதான்.

பேக்கன்: விசாரிக்கத் தெரிந்தவர், கேட்கத் தெரியாதவர்

பேக்கன் இதை எழுதிய சூழ்நிலையைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். 1621-இல் லஞ்சக் குற்றச்சாட்டில் சான்சலர் பதவி போய், அரசவையைச் சுற்றிப் பன்னிரண்டு மைல் எல்லைக்குள் வரக்கூடாது என்ற தடையோடு இருந்தவர். சில மாதங்களிலேயே இந்த நூலை முடித்து இளவரசர் சார்லஸுக்குச் சமர்ப்பித்தார். அப்போதைய அரசர் முதலாம் ஜேம்ஸுக்கு ஏழாம் ஹென்றி எள்ளுத்தாத்தா முறை. பழைய வேலையைத் திரும்பக் கேட்டு எழுதிய விண்ணப்பம் என்றும் இதைச் சொல்லலாம்.

அப்படியிருந்தும் இது முகஸ்துதி அல்ல. ஒற்றர்களை வைத்து ஆண்டவன், காசில் கண்ணாக இருந்தவன், யாரையும் முழுசாக நம்பாதவன் என்று ஹென்றியை அவர் வரைந்த சித்திரத்தைத்தான் இன்றுவரை எல்லாரும் நகலெடுக்கிறார்கள். வாக்குமூலத்தைப் பற்றி அவர் சொல்வது இன்னும் அருமை. அப்பா யார், அம்மா யார், பாட்டன் யார் என்று வளவளவென்று போகும் அந்தக் காகிதத்தில் சதிக்கு உயிர் கொடுத்தவர் என்று உலகமே அறிந்த மார்கரெட்டின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. தேடியது கிடைக்காத ஜனங்களுக்கு முன்பைவிடச் சந்தேகம் கூடிவிட்டது, அரசன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டான் என்கிறார். அரசனின் முக்கிய ஆவணத்தை அரசன் பக்கம் நிற்கிறவரே இப்படிப் பிரித்துப்போடுவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அவரும் சறுக்கினார். பெர்க்கின் மதம் மாறிய யூதர் ஒருவரின் மகன், அவனுக்கு ஞானத்தகப்பன் நான்காம் எட்வர்ட் மன்னர் என்று எழுதுகிறார். அதிலிருந்து, பையனுக்கு அரச ரத்தம் வேறு வழியில் வந்திருக்குமோ என்று ஒரு கிசுகிசுவையும் லேசாகத் தூவிவிட்டுப் போகிறார். நடந்தது என்னவென்றால், ஹென்றியின் அவைக்கவிஞர் பெர்னார்ட் ஆந்த்ரே, மன்னரின் ஞானமகனான ஒரு மதம் மாறிய யூதரிடம் பெர்க்கின் வேலை பார்த்தான் என்று எழுதியிருந்தார். அந்த முதலாளி போர்த்துகல்காரரான எட்வர்ட் பிராம்ப்டன். இடையில் ஜான் ஸ்பீட் என்ற வரலாற்றாசிரியர் லத்தீனைத் தப்பாக வாசித்து முதலாளியின் கதையை வேலைக்காரன் மேல் ஏற்றிவிட்டார். பேக்கன் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். பிறரின் வாக்குமூலத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் தன் நூலிலேயே செவிவழிச் செய்தியைச் சாட்சியாகச் சேர்த்துவிட்டார்!

என் பெரிய குறை இது இல்லை. பேக்கனுக்கு எல்லாக் கலகமும் யாரோ ஒருவரின் கைவேலை. முதலில் பாதிரியார், பிறகு ராணி, பிறகு மார்கரெட். ஹென்றியின் நண்பர்கள் மார்கரெட்டை ஜூனோ தேவி என்றார்களாம், ஏனியஸை விடாமல் துரத்திய ஜூனோ. ஒரு பெண்ணின் பழிவெறி என்று சொல்லிவிட்டால் டப்ளின் பிரபுக்களின் கணக்கு, துணி வணிகம், கார்ன்வால் வரி எதையும் ஆழமாகப் பார்க்க வேண்டாம். கார்ன்வால்காரர்களை அவர் ஏதோ தூண்டிவிடப்பட்ட முரட்டுக் கூட்டமாகக் கடந்து போகிறார். நாட்டைக் குறுக்காக நடந்து வந்தவர்களின் குறையை ஒரு தடவை நின்று கேட்டிருக்கலாம்.

ஃபோர்டு: வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டவர்

ஃபோர்டு எழுதிய காலத்தில் சரித்திர நாடகங்களுக்கு மவுசு போய்விட்டிருந்தது. அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். பேக்கனிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாக்குமூலத்தை மட்டும் விட்டுவிட்டார். நாடகத்தில் வார்பெக் கடைசிவரை தான் போலி என்று சொல்வதே இல்லை. தனியாக நிற்கும்போதுகூடப் பார்வையாளரிடம் கண்ணடிப்பதில்லை. அரசனாகவே பேசி அரசனாகவே தூக்குக்குப் போகிறான். இதுவே ஷேக்ஸ்பியர் வில்லனாக இருந்தால் முதல் காட்சியிலேயே நம்மிடம் வந்து 'நான் யார் தெரியுமா' என்று சொல்லியிருப்பான்.

நாடகம் அவனை நிஜ இளவரசன் என்றும் சொல்லவில்லை. அவன் பின்னால் வரும் மந்திரிக் கூட்டத்தைப் பாருங்கள்: கார்க் நகர முன்னாள் மேயர், துணி வியாபாரி, தையல்காரர், பத்திரம் எழுதுபவர். சிரிப்புப் படைதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வார்பெக் பேசும் தமிழ்ச் சினிமா ராஜா வசனம் போன்ற உயர்ந்த பேச்சு, வேலை ஆக வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் ஹென்றியோ குறைவாகப் பேசி, கணக்குப் பார்த்து, ஜெயிக்கிறான். ராஜா மாதிரி இருப்பவன் ஒருவன், ராஜாவாக இருப்பவன் ஒருவன். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஐந்தாம் அங்கத்தில் நாடகத்தின் உச்சம். தொழுக்கட்டையில் மாட்டப்பட்ட வார்பெக் முன்னால் வல்லூறு பழக்குபவன் வேஷத்தில் வந்து நிற்பவன் யார்? நம்ம பழைய சிம்னல்! ஒப்புக்கொள், அரசன் இரக்கமானவன், என்னைப் பார், வயிறாரச் சாப்பிடுகிறேன் என்கிற பாணியில் புத்தி சொல்கிறான். வார்பெக் அவனைத் துச்சமாகத் தள்ளிவிடுகிறான். இந்தச் சந்திப்பு ஃபோர்டின் கற்பனை. ஆனால் எவ்வளவு சரியான கற்பனை! உயிர் பிழைக்க ஒரே வழி நீ யார் என்று அரசன் சொல்வதை நீயே உன் வாயால் சொல்வது. சிம்னல் சொன்னான், பிழைத்தான். இவன் சொல்லவில்லை.

ஃபோர்டிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் கேத்தரின் கார்டன் விஷயத்தில். நாடகத்தில் அவள் தொழுக்கட்டை அருகில் வந்து எல்லார் முன்னும் கணவனுக்கு முத்தம் கொடுத்து, இனி சாகும்வரை அவன் விதவையாகவே இருப்பேன் என்கிறாள். கேட்கக் கண் கலங்கும். நிஜக் கேத்தரின் ஹென்றியின் ராணிக்குத் தோழியாக அரண்மனையில் வாழ்ந்து, பின்னர் மூன்று பேரை அடுத்தடுத்து மணந்தார். அந்நிய நாட்டில் தோற்றவனின் மனைவியாக மாட்டிக்கொண்ட இளம்பெண் தன் வாழ்க்கையைத் திரும்பக் கட்டிக்கொண்டதும் ஒரு பெரிய கதைதான். ஃபோர்டுக்கு அது தேவைப்படவில்லை. பத்தினி வேண்டியிருந்தது.

மேடைக்கே வராதவன்

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். 'அசல்' பக்கத்தில் நான் சந்தேகமே இல்லாமல் எழுத முடிந்த பெயர் ஒன்றே ஒன்று: வாரிக் பிரபு எட்வர்ட்.

1475-இல் பிறந்தவன். மூன்று வயதில் அப்பா கிளாரன்ஸ் கோமகனை ராஜத் துரோகம் என்று கொன்றார்கள். பாஸ்வொர்த் முடிந்த கையோடு யார்க்‌ஷையரில் இருந்த பத்து வயதுப் பையனை அழைத்துவரச் சொல்லி டவருக்குள் வைத்தான் ஹென்றி. அவன் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. 1487 பிப்ரவரியில், டப்ளினில் இருப்பவன் போலி என்று காட்டுவதற்காக ஒரு நாள் லண்டன் தெருவழியாக செயிண்ட் பால் பேராலயத்துக்கு அவனை நடத்திப்போனார்கள். அயர்லாந்தில் என்ன சொன்னார்கள் என்று பேக்கன் எழுதுகிறார்: லண்டனில் காட்டியவன்தான் போலியாம்! நிஜ ஆள் நேரில் வந்து நின்றும் நிஜம் எடுபடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தவர்களே குறைவு.

மறுபடி உள்ளே போனான். 1499 பிப்ரவரியில் லண்டன் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன் ரால்ஃப் வில்ஃபோர்டு 'நான்தான் வாரிக்' என்று கிளம்பி உடனே தூக்கில் தொங்கினான். அதே வருஷம் டவரில் வாரிக்கையும் பெர்க்கினையும் சேர்த்து ஒரு தப்பிக்கும் சதி கண்டுபிடிக்கப்பட்டது. இளவரசர் ஆர்தருக்கு ஸ்பெயின் இளவரசியைக் கட்டிவைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். நவம்பர் 23-இல் பெர்க்கினையும் கார்க் மேயராக இருந்த ஜான் அட்வாட்டரையும் டைபர்னில் தூக்கிலிட்டார்கள். 28-இல் வாரிக்கின் தலையை வெட்டினார்கள். வயது 24. அதில் பதினான்கு வருஷம் சிறை. மனிதரையும் மிருகங்களையும் பார்க்காமலே வளர்ந்ததால் வாத்துக்கும் சேவலுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எட்வர்ட் ஹால் தன் வரலாற்றில் எழுதிவைத்தார். அப்படிப்பட்டவன் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 1500 ஜனவரியில் ஸ்பெயின் தூதர் தே புவெப்லா, இங்கிலாந்தில் சந்தேகத்துக்குரிய அரச ரத்தம் இனி ஒரு சொட்டும் இல்லை என்று தன் அரசர்களுக்குத் திருப்தியாக எழுதினார்.

போலியாக வந்த சிம்னலுக்கு வேலை கிடைத்தது. போலி என்று தீர்ந்த பெர்க்கினுக்கும் ஓடிப்போகிறவரை அரண்மனையில் சோறு கிடைத்தது. அசலுக்கு மட்டும் மன்னிப்பு கேட்கக்கூட வழியில்லை. அவன் எதை மறுப்பான்? 'நான் நானில்லை' என்றா?

பேக்கன் இவனுக்குச் சில வரிகள் ஒதுக்கி, அரசன் பழியை ஸ்பெயின் மேல் தள்ளிய விதத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்கிறார். சிம்னலுக்கு வசனம் எழுதிய ஃபோர்டோ, வாரிக்கை மேடைக்கே கொண்டுவரவில்லை. நியாயமாகவும் இருக்கலாம். வேஷம் போடாதவனை வைத்து என்ன நாடகம் நடத்துவது?

அங்கேதான் எனக்கு என் கோடு தப்பு என்று பட்டது. அசலா போலியா என்று நாம் கேட்கும்போது, அசலாக இருந்தால் அவனுக்கு நியாயம் கிடைத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்கிறோம். ரத்தம்தான் உரிமை என்ற அந்தக் காலத்து நம்பிக்கையை ஐந்நூறு வருஷம் கழித்தும் தூக்கிக்கொண்டு அலைகிறோம். நாளைக்கே ஏதோ ஒரு ஆவணக் காப்பகத்தில் பெர்க்கின்தான் ரிச்சர்டு என்று சந்தேகமில்லாமல் நிரூபணமானால் என்ன மாறும்? ஹென்றி அவனை இன்னும் சீக்கிரம் கொன்றிருப்பான், அவ்வளவுதான். வாரிக்கின் கதை அதற்குச் சாட்சி.

இரண்டு புத்தகத்தையும் படிக்கச் சொல்வேனா? கட்டாயம். முதலில் பேக்கன், ஆறின காபியோடு, மெதுவாக. ஓர் அரசு பயப்படும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் அளவுக்குப் பச்சையாக எழுதியவர் குறைவு. பிறகு ஃபோர்டு, ஒரே மூச்சில். படிக்கும்போது ஓரத்தில் ஒரு சின்னக் குறி போட்டுக்கொண்டே வாருங்கள், வாரிக் என்ற பெயர் வரும் இடங்களில் மட்டும். என் பிரதியில் அந்தக் குறிகள் ரொம்பக் குறைவாகத்தான் விழுந்தன.